கொய்னாவைத் தந்த மருந்துக்கடைக்காரர்

என் பாட்டிக்கு நாக்கில் கசக்கும் எதுவும் கொய்னாதான். பாகற்காய் கொஞ்சம் கூடுதலாகக் கசந்தால் கொய்னா. மாத்திரை தொண்டையில் இறங்காமல் கரைந்துவிட்டால் கொய்னா. சிறு வயதில் அது ஏதோ ஒரு காட்டுக்காயின் பெயர் என்று நினைத்திருந்தேன். இடைநிலைப்பள்ளியில் குயினைன் என்ற மருந்தைப் பற்றிப் படித்தபோதுகூட, பாட்டியின் கொய்னாவும் பாடநூலின் குயினைனும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரண்டையும் ஒன்றாக்கியது நான் செய்த ஒரு தவறு. சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். செடிகளிலிருந்து சாறு எடுத்து, அதைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியாவது மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறதா என்று சோதிக்கும் குழு அது. இதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறார்கள். வீட்டில் மாவு சலிப்பதைப் போன்றதுதான். நூறு பொருள்களைச் சல்லடையில் போட்டால் தொண்ணூற்றொன்பது வெளியே போய்விடும்.

எனக்குக் கொடுத்த செடி நிலவேம்பு. மலாயில் ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தம் என்று அழைக்கப்படும் அதே செடி. அதன் ஒரு பகுதியிலிருந்து அழகான படிகங்கள் வந்தன. அடுத்த பகுதியோ குடுவையின் அடியில் பழுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை முயன்றும் அது படிகமாகவில்லை. வேலை கெட்டுவிட்டது என்று நினைத்து, குடுவையைக் கழுவி வைத்துவிட்டேன். குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் விரிவுரையாளர் கோபப்படவில்லை. கழுவிய குடுவையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெல்லெத்தியே என்ற பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

அப்படிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தந்தை விட்டுச் சென்ற கடை

பியேர் ஜோசப் பெல்லெத்தியே 1788-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தந்தை பெர்த்ரான் பெல்லெத்தியே பாரிஸில் மருந்துக்கடை நடத்தியவர், பெயர்பெற்ற வேதியியலாளரும்கூட. மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

அந்தக் காலத்து மருந்துக்கடையை இன்றைய பேரங்காடிக் கடைகளைப் போல நினைத்துவிடக் கூடாது. முன்பக்கம் கடை, பின்பக்கம் உலைகளும் குடுவைகளும் கொண்ட ஆய்வுக்கூடம். வேர், பட்டை, விதை எல்லாம் மூட்டைகளில் வந்து இறங்கும். அவற்றை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி மருந்தாக்குவது கடைக்காரரின் வேலை. பெல்லெத்தியேயும் அந்தத் தொழிலையே கற்றார். 1810-ஆம் ஆண்டு மருந்தாளராகத் தேர்ச்சி பெற்றார். இரண்டு ஆண்டுகளில் அறிவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். ரூ ஜாக்கோப் தெருவில் இருந்த கடையின் பின்னறைதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அப்போது மருத்துவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒரே பட்டை, ஒரே அளவு கொடுத்தாலும் ஒரு நோயாளி பிழைப்பார், இன்னொருவர் பிழைக்கமாட்டார். பட்டை எந்த மரத்திலிருந்து வந்தது, எவ்வளவு பழையது, அதில் வேறு மரத்துப் பட்டையைக் கலந்திருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. நோயைக் குணப்படுத்துவது பட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் என்றால், அதைத் தனியே எடுத்து நிறுத்துக் கொடுக்கலாமே என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. எப்படி எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஒவ்வொரு செடியாக

வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. செர்ட்டூர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்திருந்தார். 1817-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் பலருடைய கவனத்தை ஈர்த்தது. செடியிலிருந்து கிடைக்கும் பொருள்கள் அமிலமாகவோ நடுநிலையாகவோதான் இருக்கும் என்று அதுவரை நம்பினார்கள். மார்ஃபின் காரத் தன்மை கொண்டது. அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகும். அந்த உப்பு நீரில் கரையும். அதில் இன்னொரு காரத்தைச் சேர்த்தால் மருந்துப் பொருள் தனியே வீழ்படிவாகும்.

நண்பர்களே, படிவம் நான்கு வேதியியலில் நாம் படிக்கும் அமிலமும் காரமும்தான் இது. பெல்லெத்தியே இதை ஒரு சாவியாக எடுத்துக்கொண்டார். ஒரு பூட்டைத் திறந்த சாவி மற்றப் பூட்டுகளையும் திறக்குமா என்று பார்க்கலானார்.

1817-இல் உடலியல் அறிஞர் மஜாந்தியோடு சேர்ந்து, தென்னமெரிக்காவின் இப்பகாக் வேரிலிருந்து எமெட்டின் என்ற பொருளை எடுத்தார். வாந்தி வரவைக்க அக்கால மருத்துவர்கள் பயன்படுத்திய வேர் அது. ஏறத்தாழ அதே காலத்தில் அவரைவிட ஏழு வயது இளையவரான ஜோசப் கவாந்தூ அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் இலையின் பச்சை நிறத்துக்குக் குளோரோஃபில் என்று பெயரிட்டார்கள். இன்று நம் ஆரம்பப்பள்ளி மாணவருக்கும் தெரிந்த அந்தச் சொல்லைத் தந்தவர்கள் இவர்கள்தாம்.

1818-இல் ஸ்டிரிக்னின், 1819-இல் புருசின். இந்த இரண்டு நஞ்சுகளும் நம் எட்டிமரத்தில் இருப்பவை. எட்டிக்காய் போல் கசக்கிறது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் கசப்புக்கு வேதியியல் பெயர் கொடுத்தவர்களும் இவர்களே. 1821-இல் காப்பியிலிருந்து காஃபினையும் பிரித்தார்கள். அதே காஃபினை வேறு சிலரும் அந்நாள்களில் தனித்தனியே கண்டறிந்திருந்தார்கள்.

இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இது குருட்டு அதிர்ஷ்டம் அன்று. ஒரே முறையை எடுத்துக்கொண்டு, மூட்டை மூட்டையாக வந்த வேரையும் விதையையும் பட்டையையும் ஒவ்வொன்றாகச் சலித்திருக்கிறார்கள். ஸ்கிரீனிங் என்ற பெயர்தான் அப்போது இல்லை.

படிகமாகாத பிசின்

சின்கோனா மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்வது. அதன் பட்டை விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் போக்கும் என்ற செய்தி 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை எட்டியது. பட்டையை இடித்துப் பொடியாக்கி, திராட்சை மதுவில் கலந்து குடிப்பார்கள். கசப்பு தாங்க முடியாது. நிறையக் குடிக்க வேண்டும், குடித்ததை வாந்தி எடுப்பவர்களும் உண்டு.

1810-களின் தொடக்கத்தில் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் கோமிஸ் இந்தப் பட்டையிலிருந்து ஒரு படிகத்தை எடுத்திருந்தார். சின்கோனின் என்பது அதன் பெயர். 1820-இல் பெல்லெத்தியேயும் கவாந்தூவும் அதே வேலையைத் தங்கள் முறையில் செய்து பார்த்தார்கள். முதலில் சாம்பல் நிறப் பட்டை. எதிர்பார்த்தபடியே சின்கோனின் படிகங்கள் கிடைத்தன. அவை காரத் தன்மை கொண்டவை என்பதும் உறுதியானது.

அடுத்து மஞ்சள் பட்டையை எடுத்தார்கள். மருத்துவர்கள் பெரிதும் நம்பியது இந்த வகையைத்தான். அதே முறை, அதே குடுவை. ஆனால் படிகம் வரவில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் பிசின் போன்ற ஒன்றுதான் மிஞ்சியது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இதே பிசினைத்தானே நான் கழுவி ஊற்றினேன்!

அவர்கள் அதைக் கெட்டுப்போன சின்கோனின் என்று ஒதுக்கவில்லை. அதன் குணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சின்கோனின் ஈதரில் எளிதில் கரையாது. இந்தப் பிசினோ நன்றாகக் கரைந்தது. அமிலத்தோடு சேர்த்தபோது கிடைத்த உப்புகளும் சின்கோனினுடைய உப்புகளிலிருந்து வேறுபட்டிருந்தன. ஆகவே இது வேறொரு பொருள் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆண்டிஸ் மக்கள் பட்டையைக் குறித்த கினா என்ற சொல்லிலிருந்து அதற்குக் குயினைன் என்று பெயர் வைத்தார்கள். சிவப்புப் பட்டையைச் சோதித்தபோது அதில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஒரே பட்டை என்று மக்கள் நினைத்தது ஏன் ஆளுக்கு ஆள் வேறு விதமாக வேலை செய்தது என்ற கேள்விக்கும் இதில் விடை இருந்தது.

அதே ஆண்டில் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்தார்கள். தாங்கள் எடுத்த பொருளை மருத்துவர்களிடம் கொடுத்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தச் செய்தார்கள். கிண்ணம் கிண்ணமாகக் குடித்த பட்டைச் சாற்றின் வேலையைச் சிறிதளவு வெள்ளை உப்பு செய்தது. மருத்துவர் முதல் முறையாக அளந்து கொடுக்க முடிந்தது.

திறந்து வைத்த செய்முறை

குயினைனை எடுக்கும் முறையை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, காப்புரிமையும் வாங்கவில்லை. படிநிலை படிநிலையாக எழுதி வெளியிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் குயினைன் ஆலைகளைத் தொடங்கினார்கள். 1827-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இருவருக்கும் 10,000 பிராங்க் பரிசளித்தது.

பெல்லெத்தியேயைத் தியாகியாக வரைவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வணிகரும்தான். தாமே ஆலை நடத்திக் குயினைன் தயாரித்து விற்றார். ஆனால் மற்றவர்கள் தயாரிப்பதைத் தடுக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

1823-இல் வேதியியலாளர் துமாவோடு சேர்ந்து, இப்படிப்பட்ட செடிப்பொருள்களில் நைட்ரஜன் இருப்பதை அளந்து காட்டினார். இவற்றைத்தான் இன்று அல்கலாய்டுகள் என்கிறோம். பாரிஸ் மருந்தியல் பள்ளியில் பேராசிரியராகவும் பிறகு துணை இயக்குநராகவும் பணியாற்றினார். 1840-இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1842-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 54.

அவர் அறியாத எதிரி

தாம் கண்டுபிடித்த மருந்து எதைக் கொல்கிறது என்று பெல்லெத்தியேவுக்குக் கடைசிவரை தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றே அக்காலத்தவர் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்றுதான். 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான், நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் கண்டார். குயினைன் பிறந்து 60 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. கவாந்தூகூட அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். கொசுவின் உடலில் அந்த ஒட்டுண்ணி வளர்வதை 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்தார்.

எமெட்டினின் கதை இன்னும் வியப்பானது. வாந்தி மருந்தாகவே அறியப்பட்ட அந்தப் பொருள், வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் அமீபா ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பது கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே உறுதியானது. 1912-இல் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் அதை ஊசி மருந்தாகக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றினார்.

எதிரி யாரென்று தெரியாமலே இரண்டு ஆயுதங்களைச் செய்து, பெயரெழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மருந்துக்கடைக்காரர்.

பட்டையிலிருந்து பெரட்டுக்களம் வரை

குயினைனுக்குத் தேவை பெருகப் பெருக ஆண்டிஸ் காடுகளில் மரங்கள் பட்டை உரிக்கப்பட்டு அழிந்தன. அந்தப் பட்டையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய மண்ணின் மக்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. 1860-களில் ஆங்கிலேயர் நீலகிரியில் உதகமண்டலத்தைச் சுற்றிச் சின்கோனாவைப் பயிரிட்டார்கள். டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயிரிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்கும் வேளையில் உலகத்தின் குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளைப் பிடிப்பதற்கும், வெப்பநாடுகளின் தோட்டங்களில் ஆள்களை வேலையில் நிறுத்துவதற்கும் அந்த வெள்ளை உப்பு துணைநின்றது. உயிரைக் காத்த அதே மருந்து இதற்கும் பயன்பட்டது.

இதைப் படித்த வாரம் வீட்டுக்குப் போனேன். கொய்னா என்றால் என்ன என்று பாட்டியிடம் முதல் முறையாகக் கேட்டேன். பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். போருக்கு முன்பு காலைப் பெரட்டில் டிரெசர் ஒவ்வொருவர் வாயிலும் கொய்னாத் தண்ணீரை ஊற்றுவாராம். விழுங்கிய பிறகுதான் வேலைக்கு விடுவார்களாம். வாயில் அடக்கிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் துப்பியவர்களும் உண்டாம். பாட்டியின் அம்மா சொன்ன கதை இது.

அதற்குப் பிறகு பாட்டி சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஜப்பானியர் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. கூடப் போய்த் திரும்பிவந்த ஒருவர், குளிர்காய்ச்சலில் போய்விட்டார் என்று லயத்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

1942 மார்ச் மாதத்திலேயே ஜாவா ஜப்பானியர் வசமாகிவிட்டது. உலகத்தின் குயினைன் தோட்டங்கள் அவர்கள் கையில்தான் இருந்தன. ஆனாலும் அந்த ரயில்பாதையில் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் காலராவிலும் பட்டினியிலும் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்த நோய்களில் இரண்டுக்கு மருந்து அப்போதே உலகில் இருந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் கைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

அதே போர்க்காலத்தில் பாரிஸிலும் ஒன்று நடந்தது. பெல்லெத்தியேவுக்கும் கவாந்தூவுக்கும் 1900-இல் வைத்த வெண்கலச் சிலையை, ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். 1951-இல் அதே இடத்தில் வேறொரு நினைவுச்சின்னம் எழுந்தது. அதில் இப்போது அவர்களுடைய உருவம் இல்லை. படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கல்லுருவம் இருக்கிறது. எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. மருந்தைக் கண்டுபிடித்தவரைவிட அது யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர் அல்லவா முக்கியம்?

மீண்டும் குடுவைக்கு

மலேரியா ஒட்டுண்ணி ஒரு மருந்துக்குப் பழகிக்கொண்டு அதை வெல்லப் பார்க்கும். அதனால்தான் தேடல் நிற்பதில்லை. சீனாவில் தூ யூயூவின் குழு பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி, நூற்றுக்கணக்கான சாறுகளைச் சோதித்து, 1972-இல் ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்து, ஆற்றுக் குருட்டு நோயிலிருந்தும் யானைக்கால் நோயிலிருந்தும் கோடிக்கணக்கானோரைக் காத்தது. இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் 2015-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரண்டிலும் வேலை செய்தது பெல்லெத்தியேயின் பழைய வழிதான்: பிரி, சோதி, எழுதி வை.

நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, நிலவேம்பு இலையை மறுபடியும் உலர்த்தி அரைத்து முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரம் ஆனது. அதே பழுப்புப் பிசின் மீண்டும் வந்தது. இந்த முறை எடை, நிறம், எதில் கரைகிறது, எதில் கரையவில்லை என எல்லாவற்றையும் எழுதி, சிறு குப்பியில் போட்டு எண் ஒட்டினேன். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இரத்த அணுக்களில் வளர்க்கும் மலேரியா ஒட்டுண்ணியின்மேல் அதைச் சோதித்தார்கள்.

முடிவு வந்தது. பலன் எதுவும் இல்லை.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிசினை இனி இதே அளவில் இன்னொருவர் முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வேறு ஒட்டுண்ணிக்கு என்றாவது யாராவது அதைத் தேடினால், குப்பி உறைபெட்டியில் எண்ணோடு இருக்கும். எமெட்டின் நூறு ஆண்டு காத்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நூலில் சொன்னபடி வரவில்லை என்றால், குடுவையைக் கழுவுவதற்கு முன்னால் என்ன வந்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்து மேசைத் தோழனின் விடையைப் பார்த்து மாற்றி எழுதாதீர்கள். நான் ஒருமுறை கழுவிவிட்டேன். அதில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பாட்டியிடம் அந்த முடிவைச் சொன்னேன். கசந்ததா என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது பாட்டி என்றேன். கசந்திருந்தால் வேலை செய்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். குறிப்பேட்டில் அதை மட்டும் நான் எழுதவில்லை.